பொத்தான் டப்பாவில் இருந்தவை

என் தையல்காரருக்கு,

பேரனுக்குச் சட்டை தைக்க நம் கடையின் பொத்தான் டப்பாவை மகள் வீட்டுக்கு எடுத்துவந்தேன். வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே, கொழுப்புக்காகத் தினமும் நான் உங்கள் கையில் வைத்த மாத்திரைகள் கிடக்கின்றன. இருபத்தாறு.

“நல்ல கொழுப்புதான் ஏறியிருக்கே, இனி நெஞ்சுக்கு என்ன பயம்?” என்று ரிப்போர்ட்டைக் காட்டிக் குதித்தீர்களே, அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

டாக்டரிடம் போனில் கேட்டேன். “நல்லது ஏறினதால மட்டும் ஆபத்து போயிடாதும்மா. மாத்திரையை நிறுத்தக் கூடாது,” என்றார்.

எனக்குக் கோபமில்லை. ஊசியில் நூல் கோக்கத்தான் அரைமணி நேரம் ஆயிற்று.

சட்டைக்குக் காஜா எடுத்துவிட்டேன். பொத்தானை நீங்கள் வந்து தைக்க வேண்டும். இவன் முதல்முதலாக வேலைக்குப் போகும்போது போடும் சட்டைக்கும் நீங்கள்தான் அளவெடுக்க வேண்டும்.

இனி விழுங்கியதும் நாக்கை நீட்டிக் காட்டச் சொல்லப்போகும்,
உங்கள் வீட்டுக்காரி