சுருவிலில் மைக் இல்லாத பாட்டு விழா

என் ஆசை அண்ணை,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் விழா முடிந்துவிட்டது. டிக்கெட் போடவில்லை. அதை முதலிலேயே சொல்லாவிட்டால் மிச்சத்தைக் கேட்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடும் வயலினோடும் கப்பலில் வந்திறங்கினீர்கள். கனநாள் யாரோடும் பேச்சில்லை. பிறகு ஒருநாள், "பாட்டுக் கேக்க ஆரிட்டையும் காசு வாங்கக்கூடாது" என்று எழும்பினீர்கள். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் சுருவில் ஊர்ப் பள்ளிக்கூட வளவில் வருடாவருடம் நடக்கிற இந்த விழா. யாழ்ப்பாணத்திலிருந்து மிருதங்கம் பஸ்ஸில் வரும், நயினாதீவிலிருந்து நாதஸ்வரம் வள்ளத்தில் வரும். முன்கூட்டி ஒன்றும் பேசிவைக்காமல், மேடையிலேயே ஒருவரையொருவர் துரத்தித் துரத்தி வாசிப்பீர்கள். எங்கே தாளம் பிசகுமோ என்று எனக்குப் பயம், உங்களுக்குச் சிரிப்பு.

இந்த வருடம் அரசாங்கம் எண்ணெய்க்குத் தடை போட்டுவிட்டது. கரண்ட் எஞ்சின் ஓடாது, மைக் இல்லை. உங்கள் மச்சான், அதுதான் என்னுடைய மனுசன், "கள்ள விலைக்கு எண்ணெய் வாங்கி டிக்கெட் போடுவம், இல்லாட்டி இந்த முறை விட்டிடுவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டும் ஏலாது. நான் மைக் இல்லாமல் பாடுறன்."

"உமக்கென்ன விசரே?" என்றார், பைத்தியத்தைப் பார்ப்பதுபோல.

பின்னேரம் பாடத் தொடங்கினேன். கடல்காற்று குரலை அள்ளிக்கொண்டு போய்விட்டது. வழக்கம்போல வேலிக்கு வெளியே நின்ற சனத்துக்கு ஒன்றும் எட்டவில்லை. கள்ளிறக்குகிற கந்தையா, "ஒண்டும் கேக்கேல்லை!" என்று கத்தினார்.

"அப்ப உள்ளுக்கு வாங்கோவன், அண்ணை!"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரை நான் அண்ணை என்றது அதுதான் முதல் தடவை. வளவே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் சால்வையை உதறிக்கொண்டு எழும்பிப் போனார்கள். போகட்டும். மற்றவர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். கந்தையா அண்ணை மனுசி பிள்ளைகளோடு எனக்கு முன்னால் வந்து இருந்தார். எனக்குப் பாட்டு மறந்துபோய் அழுகை வந்துவிட்டது. பஸ் இல்லாமல் சைக்கிளில் வந்த மிருதங்கக்காரர்தான் சமாளித்தார்.

சாதி பார்க்காத விழா என்று எவ்வளவு பெருமையடித்தோம், அண்ணை! வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவீர்களே. அது அன்புதானா? இல்லை, அவர்கள் அங்கேயே நிற்கட்டும் என்பதற்கா? இதை நீங்கள் ஒருநாளாவது யோசித்தீர்களா? உங்களை ஏசவும் மனம் வரவில்லை, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை.

வருகிற வருடம் எண்ணெய் வந்தாலும் மைக் கட்டமாட்டேன். என் குரல் எட்டாத இடத்தில் யார் நின்றாலும், பாட்டை நிறுத்திவிட்டுப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவேன்.

உங்களோடு இன்னும் சண்டை தீராத தங்கச்சி,
சரசு