டோஸ்தா அத்தையின் மெத்தை

அக்டோபர் 6, திங்கள்
பிட்டோலா நகர நூலக மாலை வகுப்பில் இன்று மின்கட்டண ரசீதைப் படிப்பது எப்படி என்று நடத்தினேன். டோஸ்தா அத்தை வரவில்லை. கணவர் இறந்த பிறகு முதன்முறையாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கியவள். வகுப்பைத் தவறவிடுகிறவள் இல்லையே.

அக்டோபர் 8
அத்தை வீட்டுக்குப் போனேன். கட்டிலில் புது மெத்தை, உறைகூடப் பிரிக்காமல். காந்த மெத்தையாம், மூட்டுவலி போய்விடுமாம். திங்களன்று இலவசச் சுற்றுலா என்று பேருந்தில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, மூன்று வருடத் தவணையில் தலையில் கட்டிவிட்டார்கள். ஓய்வூதியத்தில் பாதி இனி அதற்கே.

"படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் அத்தை?"

"படிச்சேன்டி."

"படிச்சுமா?"

"அந்தப் பையன் பக்கத்துல உக்காந்து, முட்டி எப்படியிருக்குன்னு கேட்டான். இவரு போனப்புறம் என்னை யாரும் அப்படிக் கேக்கல. அவன்கிட்ட எப்படி வேண்டாம்னு சொல்றது?"



அக்டோபர் 9
நான் கேட்டேனா? வாராவாரம் பாக்குறேன். ரசீதைத் தவிர வேற எதைக் கேட்டிருக்கேன்? சே.

அக்டோபர் 11
இப்படி விற்ற பொருளைச் சட்டப்படி இரண்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். அத்தையிடம் சொன்னேன். "பையனுக்கு வேலை போயிடாதே?" என்கிறாள். குளிருக்கு விறகு வாங்க வேண்டாமா என்றேன். அதற்குமேல் வற்புறுத்த மனமில்லை. அவள் ஊறுகாய்க்குச் சுட்ட குடைமிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

அக்டோபர் 14
காலையில் அத்தையே போன் செய்தாள். "வண்டி கிடைக்குமாடி?"

தம்பியின் வேனில் மெத்தையை ஏற்றிக்கொண்டு அந்த நிறுவனத்துக்குப் போனோம். நான் பேச வாயெடுத்தேன், அத்தை என் கையை அழுத்தினாள். மேசைக்குப் பின்னால் அத்தை சொன்ன அந்த இளைஞன்.

"இன்னும் ஒரு வாரம் படுத்துப் பாருங்கம்மா. வலி பறந்துடும்."

"வலி இருக்கட்டும் தம்பி. உம்மேல எனக்குக் கோபமில்ல. மெத்தை வேண்டாம். ஒப்பந்தத்தை ரத்துபண்ணி முத்திரை போட்டுக் குடு."

"மேனேஜர் வெளிய போயிருக்காரே."

"வரட்டும். இருக்கேன்." பையிலிருந்து பின்னல் ஊசிகளை எடுத்தாள்.

ஒரு காலுறை பாதி வளர்வதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. தெருவுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து அழுதாள். தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

அக்டோபர் 20
இன்று வகுப்பு அத்தையுடையது. வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று நடித்துக் காட்டினாள். ஓய்வுபெற்ற தபால்காரர் கிர்ச்சோதான் வியாபாரி.

"உங்க கண்ணு என்ன அழகு," என்று ஆரம்பித்தார்.

"அதுக்குத் தவணை எவ்வளவு?"

சிரிப்பு அடங்கவே இல்லை. கிர்ச்சோவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு
வகுப்பே திரண்டு ஒஹ்ரிட் ஏரிக்குப் போய்வந்தோம். ஏற்பாடு முழுக்க அத்தை. பல வண்டிக்காரர்களிடம் விலை கேட்டு, ஒருவரைப் படியவைத்து, முன்பணத்துக்கு ரசீதும் வாங்கியிருந்தாள். கரையில் மீன் சாப்பிட்டோம். காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று, யாரும் எழுந்திருக்கவில்லை.

பிட்டோலாவுக்குள் நுழையும்போது அத்தை கிர்ச்சோவின் தோளில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்து, ஓட்டுநரிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"ஊருக்குள்ள இன்னொரு சுத்து சுத்திட்டு நிறுத்துப்பா."