நம்பர் சொன்னவள்

டூலூத்,
மார்ச் 24

அன்புள்ள நோரீனுக்கு,

வெர்னா எழுதுகிறேன். தங்கை வீட்டில் சுகமாக இருக்கிறேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் குறைவில்லை, மரியாதைக்குத்தான் பஞ்சம். ஐந்து முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். இதையும் பிரிக்காமல் குப்பையில் போடுவாயோ என்னவோ, உன்னைப் பற்றி இப்போது எனக்கு எதுவும் நிச்சயமில்லை.

முதலில் ஒரு செய்தி. இங்கே ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை முடிவாகியிருந்தது. வழக்கப்படி பழைய இடத்தில் விசாரித்தார்கள். நம் டாக்டர் லைல்தான் போனை எடுத்திருக்கிறார். "நல்ல பொம்பளைதான், ஆனா திருடன் போன்ல கேட்டா சாவியக் குடுத்துடுவா" என்றாராம். மறுநாள் பள்ளியிலிருந்து மிகவும் இனிமையாகப் பேசி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் அந்தக் கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்ததற்கு எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது.

நோரீன், நம்பர் சொன்னது நான்தான். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லச் சொல்லி என்னைப் பழக்கியது யார்? பனிக்காலம் வந்தால் வியாழக்கிழமை மதியம் அவர் உறைந்த ஏரியில் மீன்பிடிக் குடிசைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து எக்ஸ்ரே படம் பார்க்க வேண்டுமென்றால் கணினி ஆறு இலக்க எண் ஒன்றை முன்மேசை செல்போனுக்கு அனுப்பும். உடனே அழைப்பு வரும். ஹலோ கிடையாது, எப்படி இருக்கிறாய் கிடையாது. "வெர்னா, நம்பர்!" அவ்வளவுதான். குளிரில் தன் போன் செத்துவிடுகிறது என்று பக்கத்துக் குடிசைக்காரன் எவனுடைய போனிலிருந்தாவது கூப்பிடுவார். காற்றின் இரைச்சலில் குரல் அடையாளமே தெரியாது. ஒருநாள் "யார் பேசறது?" என்று கேட்டுவிட்டேன். "உன்ன வேலைக்கு வச்ச முட்டாள் பேசறேன்" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்தக் குடிசையைத் தானே படமெடுத்து, "இதுதாங்க என் ஆபீஸ்" என்று ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டினாரே, நினைவிருக்கும். அதில் "வெர்னா, நம்பர்!" என்று கத்துகிறார். தன் நாய் குன்னரைப் பெயர் சொல்லிக் கொஞ்சுகிறார். கடவுச்சொல்லும் குன்னர்தான், நம் எல்லோருக்கும் அதே ஒன்றுதான். திருடனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பிப்ரவரி கடைசி வியாழன் அவனும் காற்று இரைச்சலோடுதான் கூப்பிட்டான். "வெர்னா, நம்பர்!" என்றான். சொன்னேன். மாலைக்குள் கணினியிலிருந்த பதினோரு வருஷப் பதிவுகளையும், பணம் பறிப்பதற்காக, திறக்க முடியாதபடி பூட்டிவிட்டான். எந்த நாய்க்கு எந்த ஊசி, எந்தப் பூனைக்கு எது ஒவ்வாது என்று ஒன்றும் மிஞ்சவில்லை. நகல் வைத்திருந்த வட்டும் அதே கணினியில் செருகியே கிடந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று, மறுநாள் என் வேலையும்.

ஜனவரியில் நூலகத்தில் சின்னக் கடைக்காரர்களுக்காக நடந்த கூட்டத்துக்குப் போய், இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆளுக்கொரு கடவுச்சொல், வந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, நகல் எடுத்ததும் வட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. டாக்டர் அதை வாசித்துவிட்டு, "ஏம்மா வெர்னா, நம்மகிட்ட என்ன இருக்குன்னு திருட வரப்போறான்? பூனைக்குப் பூச்சி மாத்திரையா?" என்றார். பக்கத்து மேசையிலிருந்து நீயும் சிரித்தாய். நானும்தான் சிரித்தேன், அசடு வழிய.

போன வாரம், டாக்டர் நஷ்டஈடு கேட்டிருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை அதிகாரி எனக்கு ஒரு காகிதத்தின் படி அனுப்பினார். "மருத்துவமனையின் பாதுகாப்பு விதிகள்" என்று தலைப்பு. என் இரண்டு பக்கம், நோரீன்! நான் எழுதிய வரிசைகூட மாறவில்லை. அடியில், பிப்ரவரி 5 அன்று இவ்விதிகளை வெர்னாவுக்கு நேரில் விளக்கினேன் என்று உன் கையெழுத்து. நான் கேட்டுக் கெஞ்சிய விதிகளை நானே மீறிவிட்டதாக ஆகிவிட்டது.

தேதியைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாயா? பிப்ரவரி 5 அன்று நாம் இருவரும் ஃபார்கோ ஆஸ்பத்திரியில் இருந்தோம். உன் மார்புக் கட்டியில் ஊசி குத்திப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள். டாக்டரிடம் நான் பல் பிடுங்கப் போவதாகவும், நீ உன் அக்காவைப் பார்க்கப் போவதாகவும் சொல்லியிருந்தோம். வழியெல்லாம் நீ அழுதாய். "யார்கிட்டயும் சொல்லிடாதடி, லைல் என்னப் பாதி ஆளாத்தான் பாப்பார்" என்று சத்தியம் வாங்கினாய். டாக்டர் ஏதோ ஒரு தேதியைப் போட்டு நீட்டியிருப்பார். நீ வேலை போய்விடும் என்று பயந்து கையெழுத்துப் போட்டிருப்பாய். எனக்கும் அந்தப் பயம் தெரியும். தெரிந்தும் மன்னிக்க வரவில்லை.

வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த அதிகாரி என்னைப் பார்க்க வருகிறார். பிப்ரவரி 5 அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால் என் மானம் திரும்பி வரும், உன் ரகசியம் ஊருக்குப் போகும். சொல்லாவிட்டால் இனி எந்த மேசையிலும் என்னை உட்கார வைக்கமாட்டார்கள். நான் சொல்லப் போவதில்லை. பெரிய மனசால் அல்ல. சத்தியம் பண்ணித் தொலைத்துவிட்டேன்.

அந்தத் தேதி பொய் என்று மட்டும் நீ அந்த அதிகாரியிடம் சொல். ஏன் என்று சொல்ல வேண்டாம். அவருடைய எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

பரிசோதனை முடிவு என்னவாயிற்று என்று நீ எனக்குச் சொல்லவேயில்லை. உன்மேல் இவ்வளவு ஆத்திரத்தை வைத்துக்கொண்டு, அது நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கண்றாவியை யாரிடம் போய்ச் சொல்வது? அதையாவது ஒரு வரி எழுது.

வெர்னா