திருவிருந்துப் பாத்திரத்தை மறுத்த அண்ணனுக்கு

என் ஆசை அண்ணே,

நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், நீ உட்காரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே சின்னக்கானல் முழுக்க மூடுபனி, எதிர் லயம்கூடத் தெரியவில்லை. உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பனியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மதினி இருமுகிறாள், அண்ணே. அதே உன் இருமல்தான். சேலைத் தலைப்பில் இரத்தத்தையும் பார்த்துவிட்டேன்.

நீ போன பிறகு, கொழுந்து பறித்துவிட்டு வந்து, குளிருக்கு என்று அவளும் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் சாராயம் ஊற்றிக்கொள்ளத் தொடங்கினாள். இதை உன்னிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இரத்தத்தைப் பார்த்த அன்றே நிறுத்திவிட்டாள். ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறாள்.

"அவுகள என்ன பாடு படுத்துனானுவன்னு நான் பாத்தேம்லா? நானும் போயி அந்த வாசல்ல நிக்கணுமாக்கும்?"

நீ அங்கே நின்றதை நானும் பார்த்தவள்தானே.

நாம் இருவரும் ஒருமுறைகூட முழுதாகப் பேசிக்கொள்ளாத கதை அது. நீ குடித்தாய், காசம் வந்தது. குடிக்கிறவனுக்கு ஊசி எதற்கு என்று டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் விரட்டினார். நீ குடியை விட்டாய், மாதக்கணக்கில் ஒரு சொட்டுத் தொடவில்லை. தினமும் ஊசி ஏறியது, உடம்பும் தேறியது. சளியில் இப்போது கிருமி இல்லை, ஆனாலும் ஊசியை இடையில் நிறுத்தக் கூடாது என்று மலைக்குக் கீழே உள்ள டாக்டரே சொன்னார். குடிக்காகத் திருவிருந்திலிருந்து உன்னை விலக்கி வைத்திருந்த போதகரும், கிறிஸ்துமஸுக்கு வரச் சொன்னார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்தாய். முழங்காலிட்டாய், அப்பத்தை வாங்கிக்கொண்டாய். திராட்சை ரசப் பாத்திரம் வந்தபோது உதட்டை இறுக்கிக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தாய். கோயிலே உன்னைத் திரும்பிப் பார்த்தது.

படியிறங்கும்போது என் காதில் சொன்னாய்: "ஏட்டி, அது ரட்சகரோட ரத்தம்னு எனக்குத் தெரியும். என் நாக்குக்குத் தெரியாதே. ஒரு சொட்டு பட்டாப் போதும், பழையபடி ஆயிருவேன்."

நாம் வீடு வந்து சேரும் முன்பே பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. ரகசியமாகக் குடித்துவிட்டு மனசாட்சி உறுத்துகிறவன்தான் பாத்திரத்தை விலக்குவான் என்றார்கள். உன் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர் அந்தக் கம்பவுண்டர். மறுநாள் நீ ஊசிக்குப் போனபோது, அவர் உன் வாயை ஊதச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. "திரும்பத் தொடங்கிட்டியாக்கும்? குடிகாரனுக்கு இங்க ஊசி கெடையாது, போ" என்றார். நான் ஓடிப்போய் நீ சொன்ன காரணத்தை அவரிடம் சொன்னேன், போதகரிடமும் சொன்னேன். அண்ணனுக்கு வக்காலத்தா என்று சிரித்தார்கள். ஊசி நின்றது. அதன் பிறகு நீ நிஜமாகவே குடித்தாய். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் உன்னைப் புதைத்தோம்.

நீ அடம்பிடித்துப் படிக்க அனுப்பிய தங்கச்சி இப்போது பட்டணத்து ஆசுபத்திரியில் மருத்துவ உளவியல் ஆராய்ச்சி செய்கிறாள். குடிப்பவர்களுக்குக் காசம் வந்தால் ஊரும் ஆசுபத்திரியும் அவர்களை எப்படி நடத்துகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. சிரிக்காதே. உன்னைப் போன்றவர்களுக்கு அங்கே 'ஒத்துழைக்காதவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருந்தை ஏன் விட்டாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நிறுத்தியது யார் என்று நான் கேட்டால், அது நம் வேலை இல்லை என்கிறார் பேராசிரியர். இந்த எழுபதுகளில் காசத்துக்கு நல்ல மருந்து இருக்கிறது, அண்ணே. அது அலமாரியில் இருக்கும்போதே ஆட்கள் சாகிறார்கள். இத்தனை படித்து நான் என்ன கிழித்தேன்? என் வீட்டில் ஒருத்தியை டிஸ்பென்சரி வாசல்வரை கூட்டிப்போக முடியவில்லை.

என்னோடு பட்டணத்துக்கு வந்துவிடு என்று மதினியிடம் கெஞ்சினேன். ஊசி மாதக்கணக்கில் போட வேண்டும். அவ்வளவு நாள் வேலைக்குப் போகாவிட்டால் லயத்து வீடு போய்விடும். உன் பிள்ளைகள் எங்கே போகும்?

நாளை திருவிருந்து. இன்று சோறு வடித்துக்கொண்டே கேட்டாள்:

"பாத்திரம் வந்தா நான் என்ன செய்யணும், எஸ்தரு? குடிச்சா எனக்கும் ஆவாது, எனக்குப் பெறவு வாய் வைக்கிறவுகளுக்கும் ஆவாது. வேண்டாம்னா, அவுகளச் சொன்னதத்தான் என்னையும் சொல்லுவானுவ. கோயிலுக்கே போவலன்னாலும் அதே பேச்சுதான்."

அவளைக் கட்டிக்கொண்டு அழத்தான் முடிந்தது. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அவளையும் உன் பக்கத்தில் புதைக்க என்னால் முடியாது, அண்ணே. சத்தியமாக முடியாது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது. நாளை மதினிக்கு முந்தின இடத்தில் நான் முழங்காலிடுவேன். பாத்திரம் முதலில் என்னிடம் வரும். பிறந்ததிலிருந்து சாராய வாடையே பிடிக்காத நான், உன்னைப் போலவே உதட்டை இறுக்கிக்கொண்டு வேண்டாம் என்பேன். அடுத்து மதினியும் சொல்வாள். மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து டிஸ்பென்சரிக்குப் போவோம். அந்தக் கம்பவுண்டர் இப்போது என்னை மேடம் என்கிறார், நாற்காலி எடுத்துப் போடுகிறார். மேடத்தைக் குடிகாரி என்று சொல்லட்டும், பார்க்கலாம். என்னைச் சொல்ல அவருக்கு வாய் வராவிட்டால் அவளையும் சொல்ல முடியாது.

சொல்லிவிட்டால்? தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவளுக்கு ஊசி போடும்வரை, நீ தனியாக நின்ற அந்த டிஸ்பென்சரி வாசலை விட்டு நகர மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
நாளைக்குக் குடிகாரி என்று பேர் வாங்கப்போகும்
உன் தங்கச்சி எஸ்தர்