சிமிழ் மூடிக்குள் ஐந்து துளைகள்

இன்று காலை பள்ளியில் அலமாரித் தட்டில் விரிக்கப் பழைய காகிதம் தேடியபோது அந்தத் தாள் கிடைத்தது. ஒரு பக்கம் நாலாம் பாரத்துப் பெண் ஒருத்தி முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறாள். மறுபக்கம் நான் காம்பஸால் போட்ட வட்டம், அதன் நடுவில் மை அப்பிய கறுப்புப் புள்ளி. புள்ளிக்குச் சற்று மேலே, வலப்புறம் தள்ளி, ஐந்து துளைகள். மேசைமேல் குண்டூசிகளுக்கு மூடியாக இருக்கும் உன் குங்குமச் சிமிழ் மூடியை எடுத்துத் துளைகளின்மேல் கவிழ்த்தேன். ஐந்தும் மறைந்தன. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். முதல் மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

இந்தத் தாளை நீ பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இடையில் ஒன்றை விட்டாலும் எனக்கு வரிசை குழம்பிவிடுகிறது.

உன் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு, பள்ளிப்பட்டு சாலையில் ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தில் நீயே பயிர் வைத்தாய். கடலை காய் பிடிக்கும் நேரத்தில் மலைச்சரிவிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். அவருடைய பழைய ரைபிள் வீட்டில் இருந்தது. ஆனால் வண்டி குடைசாய்ந்ததில் ஒடிந்த உன் வலது மணிக்கட்டு கோணலாகவே கூடியிருந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அந்த ரைபிளின் தாழைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள அந்தக் கைக்கு வலு இல்லை. யுத்தம் முடிந்து பட்டணத்துக் கடைகளில் சாமான்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தன. சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கினாய். செமி ஆட்டோமேடிக் ரைபிள் ஒன்றைப் புதிதாக வாங்கி, பெட்டியோடு மடிமேல் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாய். ஒரு தோட்டா வெடித்ததும் வெற்றுக்கூட்டைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். விரலை அசைத்தால் போதும். அரக்கோணத்தில் வண்டி மாறும்போது கூலியாள் ஒருவன் "பிடிலாம்மா?" என்று கேட்டானாம். "ஆங், ஒரே சுருதிதான் பேசும்" என்றாயாம். அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் கதவு திறந்தது.

கோடை விடுமுறை. எனக்குப் பள்ளி இல்லை. வற்றிக் கிடந்த ஏரிக்குள், கரையைப் பின்தடுப்பாக வைத்துச் சுட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். கரையடியில் ஒரு புளியமரத் துண்டை நட்டு, அதில் தாளை ஆணியடித்தோம். தாள்கள் என்னுடையவை, திருத்தி முடித்த பழைய விடைத்தாள்கள். அறுபது தப்படி தள்ளி மணல் மூட்டைகள் போட்டு நீ குப்புறப் படுத்தாய். ஐந்து குண்டும் மூன்று விரல் அகலத்துக்குள் விழுந்தால் ரைபிள் நேராக இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அளக்க என்ன எடுத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ வீட்டுக்குப் போய் உன் வெள்ளிக் குங்குமச் சிமிழின் மூடியைக் கொண்டுவந்தாய். மூன்று விரல் வைத்துப் பார்த்தாய், சரியாக இருந்தது.

"நாலு வருஷமா சும்மா கெடக்குது. இதுக்காவது ஒழைக்கட்டும்" என்றாய்.

முதல் தாளில் ஐந்து துளைகளும் தாள் முழுவதும் சிதறியிருந்தன. இரண்டாவதில் நாலுதான் இருந்தன, ஒன்று தாளுக்கு வெளியே போயிருந்தது. குண்டு போன துளையை அப்போது நீ எனக்குக் காட்டினாய். ஓரத்தில் மெல்லிய சாம்பல் வளையம் இருக்கும், குண்டு தன் அழுக்கைத் துடைத்துவிட்டுப் போன தடம் அது என்றாய்.

இரண்டாம் நாள் உன் கொழுந்தனார் வந்து நின்று பார்த்தார். வீட்டின் மறுபாதியில் குடியிருந்தவர், அண்ணியான உன்னைத் தெலுங்கு வழக்கில் வதினா என்று கூப்பிடுகிறவர். போன வருஷம் பன்றிகள் பாதிக் கடலையைத் தின்றதிலிருந்து, பயிரைத் தன்னிடம் விடும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று தாளை உயர்த்திப் பிடித்து, துளைகளின் வழியே என்னை எட்டிப் பார்த்தார்.

"விசையத் தொட்டா அதுவே சுட்டுகினு போவும்னாங்க. குறி கூட அதுவே பாத்துக்குமா, வதினா?"

நீ எழுந்து சேலையிலிருந்த மண்ணைத் தட்டினாய். துப்பாக்கியில் கோணல் இருந்தால் கடைக்காரன் சரிசெய்து தருவான் என்றாய். கோணல் அதில் இல்லையென்றால், என்று கேட்டார் அவர்.

"துப்பாக்கி நேரா இருந்து நான்தான் சரியில்லன்னு ஆச்சின்னா, கொட்டாய் சாவிய நானே கொண்டாந்து ஒங்க கையில குடுத்துடறேன். இந்த வருஷம் வெதப்பு ஒங்களுது."

அவர் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை, மறக்கவும் இல்லை.

என்னிடம் மட்டும் கேட்டாய்: "நீதான் கணக்கு வாத்தியாரம்மா. அது கோணலா, நான் கோணலா? இத மட்டும் கண்டுபிடிச்சிச் சொல்லு."

எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். காலேஜ் லெபாரட்டரியில் நம் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். முதல் நாள் குழலின் திருகாணிகளை இறுக்கினோம். அடுத்த நாள் மணல் மூட்டையை மாற்றினோம். தோட்டாக்களை வேறு பெட்டியிலிருந்து எடுத்தோம். காற்று எழும்பு முன் விடியற்காலையில் சுட்டோம். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அவசரப்படுத்துகிறதோ என்று, ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே நூறு எண்ணும் வரை பொறுக்கச் சொன்னேன், குழலும் ஆறட்டும் என்று. உன் வலப்பக்கம் உட்கார்ந்து எண்ணுவேன். ஒரு சூடான கூடு தெறித்து என் முழங்கையில் விழுந்து சுட்டது. நீ எண்ணெய் தடவிவிட்டு, "துப்பாக்கிக்கு ஒன்ன மட்டும் நல்லா குறி பாக்கத் தெரியுதுடி" என்றாய். துளைகள் சிதறிக்கொண்டே இருந்தன.

நூறு எண்ணும் நேரத்தில் மலையைப் பார்ப்போம். கோயில் படிக்கட்டில் ஒரு மண்டபம், வெள்ளையடித்த தூண்கள். ஒரு நாள் நீ, தூணெல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு சுவர் மாதிரி தெரிகிறது என்றாய். கானல் என்றேன். காலை ஏழு மணிக்கு ஏது கானல்? எனக்குத் தூண்கள் தனித்தனியாகத்தான் தெரிந்தன. அந்தக் கோடையில் நீ பேசும்போது என் முகத்தை நேரே பார்க்காமல் என் காதோரம் பார்த்தாய். நிலத்தை ஆள்கிறவளுக்கு வந்த மிடுக்கு என்று நினைத்தேன். இரண்டையும் சேர்த்துக் கூட்டத் தெரியவில்லை எனக்கு.

மாற்றாமல் மிஞ்சியது சுடுகிற ஆள். கொழுந்தனாரிடம் கொடுத்துப் பார்க்கலாமா என்றேன். அவர் கையில் கொடுத்தால் முடிவையும் அவரே எழுதிவிடுவார் என்றாய்.

"நீ சுடு. ஒனக்கு இதுமேல ஆசையும் கெடையாது, கோவமும் கெடையாது."

அன்று கொழுந்தனார் பள்ளிப்பட்டுச் சந்தைக்குப் போயிருந்தார், மதியம் வந்து முடிவைக் கேட்பார். உன் பண்ணையாள் கரையின் அந்தக் கோடியில் ஆடு மாடு வராமல் காவல் நின்றான். ஏரிக்குள் நாம் இருவர் மட்டும். என் வாழ்நாளில் நான் துப்பாக்கியைத் தொட்டது அந்த ஒரு நாள்தான். நீ சொன்னபடி மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். குழல் நுனியிலிருந்த குறிமுள்ளைப் புள்ளிக்கு நேரே கொண்டுவந்தேன். ஐந்து முறை விரலை அசைத்தேன். பயமாக இல்லை. கரும்பலகையில் கோடு இழுப்பதைப் போல இருந்தது.

தாளை எடுத்துவர நான் நடந்து போனேன். மண்ணில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து துளைகளும் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. மூடியை வைத்தேன். ஐந்தும் அடங்கின. இன்னொரு முறை வைத்தேன். அப்போதும் அடங்கின.

திரும்பிப் பார்த்தேன். நீ மணல் மூட்டைமேல் உட்கார்ந்து, கையை நெற்றிக்குக் கொடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போது நான் உன் கண்ணை நினைக்கவில்லை. அதைச் சொல்லிவிடவேண்டும். சாவியை நினைத்தேன். தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகினேன். அடுத்த சுற்றுக்கென்று கொண்டுவந்திருந்த இன்னொரு தாளை எடுத்து, கரையிலிருந்த கருவேல மரத்தில் ஒரு முள்ளை ஒடித்து, அங்கங்கே ஐந்து இடத்தில் குத்தினேன். சுண்டுவிரல் நுனியால் அகலப்படுத்தினேன். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தேன். அது தேவையே இல்லை என்று இப்போது தெரிகிறது.

நீ அந்தத் தாளை வாங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாய். பிறகு ஒவ்வொரு துளையையும் விரலால் தடவினாய். ரொம்ப நேரம் தடவினாய்.

"சரி. அதுதான் கோணல்" என்றாய்.

மதியம் கொழுந்தனார் வந்ததும் அதையே அவரிடமும் சொன்னாய். புதுச் சாமான் இப்படியா என்று அவர் கடைக்காரனைத் திட்டினார். அந்த வாரமே ரைபிள் பட்டணத்துக்குப் போயிற்று. கடைக்காரர் ஆற அமரப் பார்த்தார். இரண்டரை மாதம் கழித்து, ஆடியில், விதைப்புக்கு முன் நீயும் கொழுந்தனாரும் போய் வாங்கிவந்தீர்கள். கூடவே கடையில் சுட்டுப் பார்த்த தாளும் வந்தது. பழுது எதுவும் இல்லை என்று அதன் கீழே எழுதியிருந்தது. நானும் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்கும் கொழுந்தனாருக்கும் எதிரில் நீ மூடியை எடுத்துத் தடவிப் பார்த்து அந்தத் துளைகளின்மேல் வைத்தாய்.

"துப்பாக்கி நேராத்தான் இருக்கு" என்று சொல்லி, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாய்.

"வைங்க வதினா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அவர். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. நீ அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாய். மறுநாள் காலை நான் வந்தபோது சாவி அங்கே இல்லை.

உன்னைப் பட்டணத்துக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனவரும் அவர்தான். கண்ணில் தொடங்கியதல்ல, நீரிழிவு, வெகு நாளாக இருந்திருக்கிறது, கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் கசிந்திருக்கின்றன என்றார்கள். இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். இரண்டரை மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாதம்மா என்றார். அதைப் பல விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் ஆறுதலும் இல்லை, தண்டனையும் இல்லை. அதற்கடுத்த வருஷம், மார்கழியில், உன் சிறுநீரகமும் கெட்டு, ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது உனக்கு வெளிச்சமும் இருட்டும்தான் தெரிந்தன. என் காலடிச் சத்தம் வைத்தே என்னை அடையாளம் கண்டாய். கடைசி ஞாயிற்றுக்கிழமை தலைமாட்டில் துழாவி மூடியை எடுத்து என் கையில் வைத்தாய்.

"அன்னிக்கே தெரியும்டி எனக்கு" என்றாய்.

எதைச் சொல்கிறாய் என்று கேட்கவில்லை நான்.

"குண்டு போன ஓட்டை வெரலுக்கு மழமழன்னு இருக்கும். நீ குடுத்தது பிசிறு பிசிறா இருந்திச்சி."

"அப்போ ஏன் அப்பவே சொல்லல?"

"அந்த வெயில்ல நின்னு, முள்ள ஒடிச்சி, ஒவ்வொண்ணா குத்தி எடுத்துகினு வந்து நீட்டுற. வேணாம்னு எப்டிடி சொல்றது? வாங்கிகினேன்."

வராந்தாவில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். நீ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினாய்.

"நெஜத்துல எத்தினி அடங்கிச்சி?"

"அஞ்சும்."

"மொத தபாவே அஞ்சுமா?" உனக்குச் சிரிப்பு வந்தது, இருமலும் கூட வந்தது. "தெரிஞ்சிருந்தா ஒன்ன காவலுக்கு வெச்சிருப்பனே."

தாளைக் கொண்டுவருகிறேன், தடவிப் பார் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு கொண்டுவா என்றாய். அந்த ஞாயிறு நீ இல்லை. தாளும் உடனே கிடைக்கவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கோ வைத்து, இடத்தை மறந்திருந்தேன். இன்றுதான் வந்தது.

உன் கொழுந்தனார் ஒழுங்காகப் பயிர் வைக்கிறார். வருஷத்துக்கு ஒரு மூட்டைக் கடலை எனக்கு அனுப்புகிறார். ரைபிளைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டார் என்று கேள்வி. முழங்கையில் கூடு சுட்ட இடம் சிறு வெள்ளைத் தழும்பாக இருக்கிறது. தொட்டால் உணர்ச்சி இல்லை.

எனக்கு ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் முதல் மணிக்கு முன்பு பள்ளி வராந்தாவில் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மலைப்படி மண்டபத்தின் தூண்களை எண்ணுகிறேன். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுகிறேன். வகுப்புப் பெண்கள் இதை வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் எண்ணிக்கை குறையும். அன்று பக்கத்தில் யாராவது இருந்தால், எனக்காகத் தாளை மாற்றாமல் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அப்படி ஒருத்தர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். உன்னைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை. நீயும் கொடுத்திருக்கமாட்டாய்.

இன்று எண்ணினேன். இரண்டு கண்ணுக்கும் சரியாக வந்தது.