நாலு பேருக்கு ஒரு டஸ்டர்

டஸ்டரில் இன்னும் கருவாட்டு வாசனை அடிக்கிறது, மச்சி. மேலே மார்க்கர் மை, அதற்கு அடியில் நெத்திலி. உன் அம்மா உன் கல்லூரிப் பையை என்னிடம் கொடுத்தபோது அதற்குள் அது கிடந்தது. லேப் உதவியாளருக்காக உன் அம்மா கட்டிக்கொடுக்கும் கருவாட்டுப் பொட்டலத்தையும் டஸ்டரையும் ஒன்றாகத் திணிக்காதே என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நீ கேட்டதே இல்லை. இன்று காலை உன் பிரிவு மாணவர்களின் வகுப்பில் அதை எடுத்து மேசையில் வைத்தேன். முதல் பெஞ்சில் ஒருவன் மூக்கைச் சுருக்கினான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அதில் என்ன நியாயம் என்று கேட்காதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய பாடம் இருக்குமா போகுமா என்பதற்கு இன்று மதியத்துக்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நீ போனதிலிருந்து உன் பிரிவையும் என் பிரிவையும் நானேதான் எடுக்கிறேன். இரண்டுமே பாதியில் நிற்கின்றன. உன் பிரிவைப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஈரோட்டு ஆசிரியையிடம் கொடு, இல்லையென்றால் அடுத்த பருவத்தில் இந்தப் பாடமே வேண்டாம் என்று துறைத் தலைவர் மேடம் சொல்லிவிட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஆசிரியை மோசம் என்று இல்லை. அவர் உன் இடத்தில் நின்று பேசுவதைக் கேட்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

பேரலல் புரோகிராமிங் பாடத்தை நாம் வேண்டுமென்று கேட்டு வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். திருவான்மியூர் பஸ் டெர்மினஸுக்கு எதிரே டீ குடித்தபடி நான் பாடத்திட்டம் போட்டேன். முதல் வாரம் வரையறைகள், இரண்டாம் வாரம் கணினியின் கட்டமைப்பு, மூன்றாம் வாரம்தான் புரோகிராம். நீ பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். இரண்டு வருஷமாக ஒரு வரிக்குப் பின் இன்னொரு வரி என்று எழுதிப் பழகியவர்களுக்கு, ஒரே வேலையை நாலு கூறாக்கி நாலும் ஒரே நேரத்தில் ஓடினால் என்ன கூத்து நடக்கும் என்பது வரையறையில் புரியாது என்றாய். நான் எரிச்சலோடு, சரி, நீயே எடு, நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

அந்த முதல் பருவத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போர்டில் ஒரு பூஜ்ஜியம் போட்டாய். வகுப்பில் நாலு வரிசை. வரிசைக்கு ஒருவரை எழுப்பினாய். போர்டில் உள்ள எண்ணைப் பார், உன் வரிசையில் எத்தனை தலை என்று எண்ணு, இரண்டையும் கூட்டி, பழையதை அழித்துவிட்டு எழுது. அவ்வளவுதான் உத்தரவு. நாலு பேரும் ஒரே நேரத்தில் போர்டைப் பார்த்தார்கள். நாலு பேர் கண்ணிலும் பூஜ்ஜியம். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அழித்தார். கடைசியில் போர்டில் நின்றது பதினொன்று.

"இன்னாடா, பதினொண்ணுதான் கீது? மத்தவன்லாம் பீச்சுக்குப் பூட்டானா?" என்றாய்.

வகுப்பே சிரித்தது. நாலு பேரில் யாருமே கூட்டலில் தப்புச் செய்யவில்லை, விடை மட்டும் எப்படித் தப்பானது என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். நான் மூன்றாம் வாரத்துக்கு வைத்திருந்த கேள்வி அது.

அப்போதுதான் அந்த டஸ்டர் வந்தது. இது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே போர்டைப் பார்க்கலாம், எழுதலாம் என்றாய். முதலில் வந்த பையன் டஸ்டரை எடுத்தான், போர்டைப் பார்த்தான், டஸ்டரோடு தன் வரிசைக்குப் போனான், ஒவ்வொரு தலையாக எண்ணினான். மற்ற மூவரும் போர்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் அப்படியே செய்தார்கள். விடை சரியாக வந்தது. நான் கடைசி பெஞ்சிலிருந்து தலையாட்டினேன். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

"கரெக்டாத்தான் வந்துகீது. ஆனா நாலு பேரு இன்னாத்துக்கு? நீ ஒருத்தனே போதுமே, நைனா."

பையன் விழித்தான். நீ டஸ்டரை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று கால் துடித்தது. வெகுநேரம் கழித்து ஒரு பெண், தலையை முதலில் எண்ணிக்கொண்டு, அப்புறம் டஸ்டரை எடுத்தால் என்ன சார் என்று கேட்டாள். அதற்காகவே காத்திருந்தவன்போலத் திரும்பினாய்.

"அதான். எண்றது உன் வேலை, அத்த உன் எடத்துல பண்ணிக்க. இங்க வந்தா எடுத்தியா, எழுதினியா, வெச்சியா. போய்க்கினே இரு."

உன் வகுப்புத் தமிழைப் பற்றி ஒரு மூத்த ஆசிரியர் புகார் செய்தார். பேராசிரியர் பேசுகிற பேச்சா இது என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பிறந்தவன் அந்த ஊர்த் தமிழில் பேசாமல் எந்த ஊர்த் தமிழில் பேசுவான்? நீயோ, கம்ப்யூட்டருக்கு எந்தத் தமிழும் தெரியாது, பசங்களுக்குத் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு நீ முதல் தடவை வந்தபோதும் அந்தக் கருவாட்டுப் பை உன் தோளில் இருந்தது. வாசல்வரை வந்த என் அம்மாவுக்கு வாசனை புரிந்துவிட்டது. "பையை வெளியில வெச்சுட்டு உள்ள வரச் சொல்லுடா, காபி போட்டுண்டு இருக்கேன்" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நீ பையைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பூனை வந்தால் சொல்லுங்கம்மா என்றாய். அம்மா சிரித்துவிட்டாள். இப்போதும் உன்னைப் பற்றிப் பேசினால் அந்தப் பூனையில்தான் ஆரம்பிக்கிறாள்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடையாறு ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது, என் கிளாஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டாய். டஸ்டர் பாடத்தை முடித்துவிட்டேன் என்றேன்.

"பசங்க கைல குட்த்தியா?"

நேரமில்லை, நானே போர்டில் போட்டுக் காட்டிவிட்டேன் என்றேன். நீ சிரித்தாய், சிரிப்பு இருமலாகிவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். நல்லபடியாகப் பேசிக்கொண்டது அதுதான் கடைசி. அடுத்த தடவை நான் வந்தபோது உனக்குப் பேச முடியவில்லை.

இன்று காலை அந்தப் பாடத்தையே மறுபடியும் எடுத்தேன். தேர்வில் உன் பிரிவில் பலர் அந்த முதல் பையன் செய்ததையே எழுதியிருந்தார்கள். புரோகிராமில் டஸ்டருக்குப் பெயர் பூட்டு; கணக்குப் போடுகிற நேரம் முழுக்க அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம். விடை சரி, வேகம் இல்லை. இந்தத் தடவை டஸ்டரை வைத்தே நடத்துவது என்று முடிவு செய்து நாலு பேரை எழுப்பினேன். மெதுவாக வந்தார்கள். முதல் பெண் தயங்கினாள். நான் டஸ்டரை வாங்கி, இப்படி என்று அழித்து எழுதிக் காட்டினேன். அடுத்தவனுக்கும் நானே எழுதினேன். மூன்றாமவன் எழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். வா என்று அதட்டினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், கிண்டலாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்: "சார், அந்த சார் எதையும் எங்க கைலயே குடுப்பாரு."

நான் கையைப் பார்த்தேன். டஸ்டரை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தேன், உள்ளங்கையில் அதன் விளிம்பு பதிந்திருந்தது. என்னைச் சுற்றி மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாற்பது பேர் வகுப்பில் நான் ஒருவன் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தேன். உன்னை நினைப்பது என் வேலை, மச்சி. அதை என் இடத்தில் செய்துகொள்ளலாம். அதற்கு டஸ்டரைப் பிடித்துக்கொண்டு போர்டை அடைத்து நிற்க வேண்டியதில்லை. இந்தச் சின்ன விஷயம் உன் மாணவர்களுக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் மேடத்தின் அறைக்குப் போய்ச் சரி என்று சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. பிற்பகல் உன் பிரிவின் லேப். அதிலிருந்தே அந்த ஆசிரியை எடுக்கட்டும் என்றேன். சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு டஸ்டர் பாடத்தை விளக்கினேன். நாலு வரிசை, பூஜ்ஜியம், பதினொன்று, எல்லாம். கவனமாகக் கேட்டார். டஸ்டரை வாங்கியவர் ஒரு கணம் மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல என்ன சார் வாசம்?"

"நெத்திலிக் கருவாடு."

"கழுவிப் போடட்டுங்களா?"

வேண்டாம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. "இனிமே அது உங்க கிளாஸோடது. உங்க இஷ்டம்" என்றேன். சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிற்பகலில் லேப் வாசலில் நின்றேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு பையன் டஸ்டரோடு தன் வரிசைக்குப் போய் எண்ணிக்கொண்டிருக்கிறான். அதே தப்பு. அவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார். புரிந்துதான் நிற்கிறாரா, புரியாமல் நிற்கிறாரா என்று தெரியவில்லை. நான் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். உள்ளே யாரோ ஏதோ கேட்டார்கள், சிரிப்புச் சத்தம் வந்தது. கையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விரலில் கொஞ்சம் நெத்திலி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சாப்பிட வா என்று அம்மா கூப்பிட்டுவிட்டாள். கை கழுவாமல் உட்கார விடமாட்டாள். இந்த வரியை முடித்துவிட்டுக் கழுவிக்கொள்கிறேன்.