வேலூருக்குப் பதினைந்து மணி நேரம்

என் செல்ல அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன் கணக்கு வகுப்பு இப்போது என் தலையில். போன வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால், விடையெழுதிய நோட்ஸை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஆமாம், நீ பார்த்தாலே முகம் சுளிப்பாயே, அதே நோட்ஸ்தான். ஆரணியிலிருந்து வேலூருக்குப் பேருந்து போக எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு. 1.5 மணி நேரம் என்று எழுதும்போது புள்ளி வைக்க மறந்துவிட்டேன். மொத்த வகுப்பும் பரீட்சையில் பதினைந்து மணி நேரம் என்று எழுதியிருக்கிறது, ஒருத்தர் பாக்கியில்லாமல்.

நதியாவை நினைவிருக்கிறதா? ஆறாவது படிக்கும்போது கரும்பலகை வரை வந்து உன்னோடு மல்லுக்கட்டுவாளே, அவள்தான். வழியில் இருக்கும் கண்ணமங்கலத்திலிருந்து தினமும் அந்த வேலூர் பஸ்ஸில்தான் வருகிறாள். அவளும் பதினைந்து என்றே எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

“தினம் அந்த பஸ்லதான வந்துகினு இருக்க? தப்புன்னு தோணலயா?”

“தோணுச்சு மிஸ். நோட்ஸுல இருக்கறத மாத்தி எழுதுனா மார்க் போயிடும்னு வுட்டுட்டேன்.”

பயப்படவே இல்லை அக்கா. விவரம் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

நீ ஒரே கணக்கைப் படமாக வரையச் சொல்வாய், வகுப்புக்குள் நடந்து பார்க்கச் சொல்வாய். தப்பான விடைகளைப் பின்சுவர்க் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டி, எங்கே வழி தவறியது என்று பிள்ளைகளையே பேசவிடுவாய். பாடத்தை எப்போது முடிப்பாய் என்று உன்னைப் பேஜார் பண்ணியவள் நான். நீ போன மறுமாதம் அந்தக் கயிற்றை அவிழ்த்ததும் நான்தான். யாரும் சொல்லவில்லை. சுவர் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அவிழ்த்தேன்.

எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள் என்றார் தலைமையாசிரியர். போட்டுவிட்டேன். நதியாவின் வாயை அடைத்தது நான். அதை இனி எப்படித் திறப்பது? பத்தாம் வகுப்பில் இதைவிடத் தடியான நோட்ஸ் அவளுக்காகக் காத்திருக்கிறது. நீ இருந்தாலும் முடியுமா என்று தெரியவில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். திங்கட்கிழமை கயிற்றைத் திரும்பக் கட்டி, புள்ளி விட்டுப்போன என் நோட்ஸை முதலில் மாட்டுவேன். இனிமேல் நோட்ஸே கொடுக்க மாட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் மாட்டியதையும் பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதிக்கொள்வார்கள் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் மாட்டுவேன்.

கயிற்றை அவிழ்த்த உன் தங்கச்சி,
சாந்தி